அனுப்புநர்: ஒரு வாசகர், சிதம்பரம்

வரிசையாத்தான் சொல்லுவேன். குறுக்க வராத இளவரசு. நீ படிப்பகத்துச் செயலாளர், என்மேல குத்தச்சாட்டு எழுதிக்கினு வந்து மேசையில வெச்சிட்ட. சாட்சிக்கு மங்கலத்தையும் கொளஞ்சியப்பனையும் குந்த வெச்சிருக்க. நல்லது. ஆனா நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒன் பக்கத்துத் தப்பு தேதி வாரியா வரணும். நாப்பது வருஷம் சங்கத்துல கெடந்தவன்யா, எனக்கு மொற தெரியும்.

மொதத் தப்பு, ரெண்டாயிரத்து எட்டு நவம்பரு. முப்பத்தொரு ஜப்பான் புத்தகம் இந்தப் படிப்பகத்துக்கு வந்து நாலு மாசம் ஆவுல, நான் ஒண்ணக் கூடப் படிக்கறதுக்குள்ள, என்னக் கேக்காம தூக்கி மேல்பட்டாம்பாக்கம் சுப்பிரமணியன்கிட்ட பைண்டிங்குக்குப் போட்ட. ரெண்டாவது, ஒம்போதாம் வருஷம் ஆகஸ்டு. வாசல் கரும்பலகையில ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம ஒரு புத்தகத்தப் பத்தி எழுதறது என் வேல. நல்லதுன்னா நல்லதும்பேன், குப்பைன்னா குப்பைம்பேன். அத தண்ணி ஊத்தி அழிச்சிட்டு ரத்ததான முகாம்னு எழுதுன. மூணாவது, பத்தாம் வருஷம் நான் கண்ணு ஆபரேசனுக்குப் பாண்டிச்சேரி போயிருந்த வாரமாப் பாத்து கமிட்டியக் கூட்டி, பொறுப்பாளரா இருந்த என்ன மாத்தி, சாவிய வாங்கிக்கின. நாலாவது இந்தா, வாசல்ல கெடக்குது பாரு. முப்பத்தொரு புத்தகத்தையும் சர்க்கர சாக்குல போட்டு வாயக் கட்டிட்ட. தீர்மானமே இன்னும் வரல. அதுக்குள்ள பழைய பேப்பர்காரன் வந்து சைக்கிள நிறுத்திக்கினு நிக்கிறான்.

எழுதிக்கினியா? எழுத மாட்ட. பரவால்ல, மங்கலம் காதுல வாங்கிக்கிச்சி.

இப்ப ஒன் கேள்விக்கு வர்றேன். தானே புயலன்னிக்குச் சங்கத்து மினிட்ஸ் புக்கு எல்லாம் நனைஞ்சி கூழாப் பூடுச்சி, அத வுட்டுட்டு சின்னப் பசங்க பாக்குற பொம்மப் புத்தகத்த ஏன் தலையில தூக்கிக்கினு போனேன்? அதான கேள்வி? ஆமாய்யா. தூக்கிக்கினுதான் போனேன். டிசம்பர் முப்பது, காலையில காத்து கொஞ்சம் அடங்குனப்ப வந்து பாக்குறேன், இங்க மேல ஓடும் இல்ல, கதவும் இல்ல. மஞ்சக்குப்பம் மைதானத்துல மரமெல்லாம் வேரோட சாஞ்சி கெடக்குது. கையில ஒரே ஒரு சாக்கு. மூணு நட நடந்தேன். மூணு நடையும் ஜப்பான் புத்தகந்தான். மினிட்ஸ் புக்குல இன்னா இருந்துச்சி? நீ தலைமை, இவன் முன்மொழிவு, அவன் வழிமொழிவு, டீ செலவு. போவட்டும்.

பொம்மப் புத்தகமா? யோவ், நீ அதுல ஒரு பக்கம் பொரட்டியிருப்பியா? படிக்காம தீர்ப்பு எழுதறதுக்கு நீ இன்னா ஜட்ஜா? நான் எட்டாங்கிளாசு. துண்டு நோட்டீசப் படிச்சிப் படிச்சி படிப்பு வந்தவன். என் இங்கிலீசெல்லாம் கோரிக்கப் பட்டியல் இங்கிலீசு. டிமாண்டு, லாக்கவுட்டு, வித்தவுட் பிரிஜுடீஸ். அத வெச்சிக்கினு முப்பத்தொண்ணையும் படிச்சேன். சிலத ரெண்டு தடவ. மங்கான்னு பேராம் அதுக்கு, ஜப்பான் படக்கதைய இங்கிலீசுல போட்டது. எல்லா வயசுக்கும் தனித்தனியா போடுறான் ஜப்பான்காரன். எது நல்லது, எது குப்பைன்னு நான் சொல்றேன், அப்பறம் நீ சாக்கக் கட்டு.

குத்துச்சண்டப் பையன், அதுல ஒம்போது புத்தகம். ஒரு குத்து வுட நாப்பது பக்கம் எடுத்துக்கிறான். கைய ஓங்குனா போதும், சின்ன வயசுல அம்மா சோறு ஊட்னது, பள்ளிக்கூடத்துல அடி வாங்குனது, வாத்தியார் செத்தது, எல்லாம் வந்து போவுது. அதுக்குள்ள எதிராளி பஸ் புடிச்சி வீட்டுக்கே போயிருப்பான். இன்னொரு கூத்து, தோத்துப் போனவன் அடுத்த புத்தகத்துல கூட்டாளியாயிடுறான். சண்ட போட்டு சிநேகிதமாம். நம்ம சங்கத்துல எப்பவாச்சும் அப்பிடி நடந்திருக்கா? நம்ம ஆளுங்க சிநேகிதமா இருந்துட்டுதான் அடிப்பானுங்க. நான் ஒன்னச் சொல்லல. மூஞ்ச ஏன் திருப்புற? எட்டாவது புத்தகத்த மட்டும் படிக்கலாம். அதுல அவனுக்குக் கை ஒடஞ்சி பூடுது, குத்தே கெடையாது. மனுஷனாத் தெரியிறான்.

அப்பறம் பள்ளிக்கூடத்துக் காதலு. ஏழு புத்தகம். ஏழுலயும் தேடுனேன், ஒரு டிமாண்டு கெடையாது. அந்தப் பொண்ணு ஒரு நாள் கொடைய மறந்துட்டு வருது, அந்தப் பையன் தன்னோட கொடையக் குடுக்கலாமா வேணாமான்னு ரெண்டு புத்தகம் யோசிக்கிறான். கைய ஏழாவதுலதான் புடிக்கிறானுங்க. அதுவும் கையுறை போட்டுக்கினு. பொண்ணுங்க கண்ணெல்லாம் மூஞ்சில பாதி. பூ பூவாக் கொட்டுது, ஒருத்தரும் கூட்டறதில்ல. தெருக்கூட்றவ ஒருத்தி கூட இல்லாத ஊரு ஒலகத்துல எங்கம்மா இருக்கு? மங்கலம், நீ சொல்லு. நீதான் துப்புரவுல முப்பது வருஷம் இருந்த. இந்தக் கதைய வறுத்துத்தான் பலகையில எழுதுனேன். அதத்தான் இவரு அழிச்சாரு. எவனோ ஒருத்தன் மக மனசு புண்பட்டுச்சாம்.

சமையக்காரன் கதை நாலு. ஒருத்தன் ஒரு வாய் சோத்த வாயில வெச்சா கண்ணுல தண்ணி தாரதாரையா வருது. நெல்லிக்குப்பத்துல கரும்பு வெட்டிட்டு வர்றவன் சோத்தப் பாத்தா அழுவானா? அள்ளி அள்ளித் திம்பான். நாலு புத்தகத்துல மூணு வேஸ்டு. மூணாவதுல பின்கட்டுல பாத்திரம் தேய்க்கிற கெழவனப் பத்தி முழுக் கதை வருது. அவன் கை வெரலு, நகத்துல ஏறுன கரி, எல்லாத்தையும் வரஞ்சிருக்கான். அத வரஞ்சவன் ஒரு நாளாச்சும் பாத்திரம் தேச்சிருக்கணும். அத மட்டும் படிக்கச் சொல்லுவேன்.

பேய்க்கத நல்லாருக்கும். கொளஞ்சி, ஒனக்கு அது. பத்து புத்தகம், பத்தும் படிக்கலாம். ஒரு ஊரு. ஊர்க் கெணத்துத் தண்ணியக் குடிச்சவன் நல்லாத்தான் இருக்கான். அவன் நெழலு மட்டும் வீங்குது. மொதல்ல கால் வீங்குது, அப்பறம் வயிறு. டாக்டரு வந்து ஒடம்பத்தான் பாக்குறாரு, ஒண்ணுமில்லேன்றாரு. ஆபீசருங்க வந்து தண்ணிய பாட்டில்ல புடிச்சிக்கினு போறாங்க, ரிப்போட்டு வர்றதேயில்ல. நாலு நாளு நான் கெணத்துத் தண்ணியத் தொடல. பேய்க்குப் பயந்து இல்ல. சிப்காட்டு கெமிக்கல் கம்பெனிங்க ஓரத்துல குடியிருக்கறவன் பேய்க்கா பயப்படுவான்? எவனோ ஜப்பான்ல குந்திக்கினு நம்ம கெணத்த வரஞ்சிருக்கானேன்னு. கொற ஒண்ணே ஒண்ணு. பத்தாவதுல ஊரே காலி பண்ணிக்கினு போவுது. ஒருத்தன் கூட ரோட்டுல குந்தி மறியல் பண்ணல.

ஒம்போது, ஏழு, நாலு, பத்து. முப்பதாச்சா? முப்பத்தொண்ணாவதுதான் நூலுமில்லுக் கதை. தனிப் புத்தகம். பட்டு நூலு நூக்குற பொண்ணுங்க கதை. அத எல்லாரும் மறந்திருப்பீங்க, நான் மறக்கல. ஏன்னா என் மானத்த வாங்குனதே அந்தப் புத்தகந்தான்.

எடுத்த எடுப்புல பொண்ணுங்க தலையக் குனிஞ்சிக்கினு மில்லுக்குள்ள போவுதுங்க. நடுவுல பசி, பட்டினி, ஒருத்தியக் கேட்டுக்கு வெளிய தள்ளுறானுங்க. அப்பறம் ஒண்ணு கூடுதுங்க. கடைசிப் பக்கத்துல எல்லாரும் கைய ஓங்கிக்கினு, மெசின நிறுத்திட்டு நிக்கிதுங்க. முடிஞ்சிது. எப்பிடி இருக்கு? எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சி போச்சி. மூணு வாரம் பலகையில அதத்தான் எழுதுனேன். ஒம்போதாம் வருஷ மே தினத்துக்கு நெல்லிக்குப்பத்துல மேட போட்டாங்களே, அதுல ஏறி இருவது நிமிசம் அதப் பத்தியே பேசுனேன். அடங்கிப் போனதுல ஆரம்பிச்சி போராட்டத்துல முடியுது பாருங்க தோழர்களே, அதான் வரலாறுன்னு. நீயுந்தான கை தட்ன இளவரசு?

ஆனா எங்கயோ கொஞ்சம் ஒதச்சிக்கினுதான் இருந்துச்சி. பேச்செல்லாம் கோணல்மாணலா இருந்துச்சி. பதில் மொதல்ல வருது, கேள்வி பின்னால வருது. மனு குடுக்குற எடத்துல அப்பிடித்தான நடக்குது, கேக்கறதுக்கு முன்னயே முடியாதுன்றான், ஜப்பான்லயும் அப்பிடித்தான் போலன்னு நெனச்சிக்கினேன். சிரிக்காத கொளஞ்சி. நீயா இருந்தாலும் அப்பிடித்தான் நெனச்சிருப்ப.

அவுங்க புத்தகம் வலப்பக்கத்துலேர்ந்து படிக்கணுமாம்யா. அட்டை நம்ம பின்னட்டை இருக்குற எடத்துல இருக்குமாம். இத எச்சரிச்சி ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு பக்கம் அச்சடிச்சித்தான் வெச்சிருந்திருக்கான். நம்ம சுப்பிரமணியன் அது விளம்பரம்னு நெனச்சி முப்பத்தொண்ணுலயும் கிழிச்சிட்டான். பழைய அட்டையப் பிச்சிப்புட்டு, காலிகோ துணி போட்டு, அவுங்க கடைசிப் பக்கத்து மேல படிப்பகம்னு லேபிள ஒட்டிட்டான். கேட்டா, நல்ல கட்டு கட்டியிருக்கேன் மாமான்றான். நல்லாத்தான் கட்டியிருந்தான்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில ஒரு கண்ணுல கட்டு. இன்னொரு கண்ணால அந்த நூலுமில்லுப் புத்தகத்த மறுபடியும் பாத்துக்கினு கெடக்குறேன். ஒவ்வொரு கட்டத்துலயும் பென்சில்ல நெம்பரு போட்டிருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு. அதுக்கு முன்னயும் பாத்திருக்கேன், யாரோ படத்த எண்ணியிருக்காங்கன்னு வுட்டுட்டேன். அன்னிக்கு ஒரு கண்ணு வேற, மெதுவாத்தான் பாக்க முடிஞ்சிது. ஒண்ணுன்ற நெம்பரு வலப்பக்கம் மேல இருக்குது. எல்லாப் பக்கத்துலயும். பொரட்டிப் பொரட்டி, பின்னாலேர்ந்து படிச்சேன். நெம்பரு வரிசையில.

ஸ்ட்ரைக்குல ஆரம்பிக்கிது இளவரசு. கைய ஓங்கிக்கினு நிக்கறதுதான் மொதப் பக்கம். அப்பறம் ஒண்ணு ஒண்ணா ஒடையிது. கடைசியில எல்லாரும் தலையக் குனிஞ்சிக்கினு உள்ள போவுதுங்க. அவ்ளோதான் கதை. பெட்டுல குந்திக்கினு நான் சிரிச்ச சிரிப்புல நர்சம்மா ஓடியாந்துச்சி. நம்ம கதையத்தான் எழுதியிருக்கான். ரெண்டாயிரத்து நாலு, அறுவத்தோரு நாளு கம்பெனி கேட்டுல குந்திக்கெடந்து, கடைசியில கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போனோமே, அதேதான். அத நான் புரட்சின்னு மேடையேறிப் பேசியிருக்கேன்.

இத இன்னி வரைக்கும் எவன்கிட்டயும் சொல்லல. இப்ப சொல்லிட்டேன். சந்தோசமா ஒனக்கு? இதையும் குத்தச்சாட்டுல சேத்துக்க.

இன்னா? விதி பதினொண்ணா? தெரியும்யா. அத எழுதுனவனே நாந்தான. எண்பத்தொம்போதுல எவனோ பேர் போடாம நோட்டீசு கட்ட உள்ள தள்ளிட்டுப் போயி, நம்மாளு நாலு பேரு மேல கேசு வந்துச்சி. அன்னிக்குப் போட்ட விதி. படிப்பகத்துக்கு யாரு எது குடுத்தாலும் குடுத்தவங்க பேரு, தகப்பன் பேரு ரெண்டையும் கூட்டத்துல சத்தமாப் படிக்கணும், ரெண்டு சாட்சி கையெழுத்துப் போடணும். அது இல்லாத பொருளு படிப்பகத்துல சேராது. இந்தப் பார்சலு வந்தப்ப அனுப்புநர்: ஒரு வாசகர், சிதம்பரம்னு மட்டுந்தான் இருந்துச்சி. பேர அப்பறம் கேட்டு எழுதிக்கலாம்னு நான் ரிஜிஸ்டர்ல எடம் வுட்டேன். ரிஜிஸ்டரு ஒன் வீட்டுல இருந்ததால புயல்ல தப்பிச்சிது, அந்த எடமும் அப்பிடியே கெடக்குது. அதத்தான இப்ப நோண்டி எடுத்திருக்க? பேரில்லாத பொருளு, அதனால பழைய பேப்பரு. சட்டம் ஒன் பக்கம். ஒத்துக்கறேன்.

ஆனா பேரு எனக்குத் தெரியாதுன்னு ஒங்கிட்ட யாரு சொன்னது?

நெம்பரு மட்டுமில்ல அதுல. ஒவ்வொரு பக்கத்துலயும் கஷ்டமான இங்கிலீசுக்குப் பக்கத்துலயே பொடிப் பொடியா தமிழ்ல அர்த்தம் எழுதியிருக்கு. முப்பத்தொரு புத்தகத்துலயும். இல்லாட்டி எட்டாங்கிளாசு எங்கேர்ந்து படிக்கிறது? பார்சலப் பிரிச்ச அன்னிக்கே அந்தக் கையெழுத்து எனக்குத் தெரிஞ்சி பூடுச்சி. யாருக்கு எந்த வார்த்த தெரியும், எது தெரியாதுன்னு அளந்து அளந்து எழுதியிருக்கு. டிமாண்டுக்கு அர்த்தம் எழுதல. லாக்கவுட்டுக்கு எழுதல. கொடைக்கு எழுதியிருக்கு, கையுறைக்கு எழுதியிருக்கு, வெக்கத்துக்கு எழுதியிருக்கு. நூலுமில்லுக் கதையில ஒரு எடத்துல ஸ்கேபுன்னு வருது. ஸ்ட்ரைக்கு நேரத்துல உள்ள வேலைக்குப் போறவள அப்பிடிச் சொல்லுவாங்க. கருங்காலி. அதுக்கு முன்னாடி வார்த்தைக்கு அர்த்தம் இருக்கு, பின்னாடி வார்த்தைக்கு இருக்கு. அதுக்கு மட்டும் இல்ல. அது எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியும்.

ஆமா, எம் பொண்ணுதான். வேற யாரு.

சிதம்பரத்துல கெமிஸ்ட்ரி படிச்சிட்டு வந்தா. ஸ்ட்ரைக்கு நாப்பதாவது நாளு நம்ம கம்பெனி லேபுக்கே வேலைக்குப் போனா. கேட்டதுக்கு, ஒங்க சங்கத்துல பொம்பளைக்கு ஒரு பதவியாவது குடுத்திருக்கியாப்பா, நான் எதுக்கு ஒனக்காக வெளிய நிக்கணும்னா. ரெண்டு வருஷத்துல கம்பெனி ஜப்பானுக்கு அனுப்பிச்சி, அங்கயே இருந்துட்டா. எங்க வீட்டம்மா போன்ல பேசுவா, நான் உள்ள வந்தா வெச்சிருவா. அவகிட்டேர்ந்து வீட்டுக்கு வர்ற தபால நான் பிரிக்க மாட்டேன். படிப்பகத்துக்கு வர்றதப் பிரிக்காம இருக்க மாட்டேன். அது தெரிஞ்சிதான் கூடப் படிச்சவளுக்கு அனுப்பி, சிதம்பரத்துலேர்ந்து போடச் சொல்லியிருக்கா. திமிரு. எங்கேர்ந்து வந்துச்சின்னு கேக்காத.

இப்ப ஸ்ட்ரைக்கப்போ கம்பெனி கேட்டுல நடந்த மீட்டிங்க நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா? கருங்காலி பட்டியல எழுதுனது நீதான். பதினேழு பேரு. பதினேழாவதா அவ பேரப் போட்டு, என் கையில குடுத்துட்டு, மூஞ்சியப் பாத்துக்கினே நின்ன. கெழவன் படிக்க மாட்டான், தலைவர் பதவி நம்மளுக்கு வந்துரும்னு. படிச்சனா இல்லியா? மைக்கு வேணாம்னு சொல்லிட்டு படிச்சேன். ரோட்டுக்கு அந்தாண்ட வரைக்கும் கேட்டுச்சி. படிச்சது தப்புன்னு இன்னி வரைக்கும் நான் சொன்னதில்ல, செத்தாலும் சொல்ல மாட்டேன். உள்ள போனா, பேரு வரும். யாரா இருந்தாலும்.

ஆனா ஒண்ணு. மத்த பதினாறு பேரையும் தகப்பன் பேரோட படிச்சேன். அதான் நம்ம வழக்கம். இன்னாரு மகன் இன்னான்னு படிச்சாத்தான் ஊருக்குள்ள ஒறைக்கும். அவளுக்கு மட்டும் மேல்பட்டாம்பாக்கம்னு ஊர்ப் பேரப் போட்டுப் படிச்சிட்டேன். தகப்பன் பேர முழுங்கிட்டேன். நீ கவனிச்ச. எட்டு வருஷமா அதப் பத்தி ஒரு வார்த்த பேசல, தேவப்படும்னு வெச்சிருந்த. நாந்தான் பேசறேன் இப்ப. ஒழுங்காப் படிக்காதது என் தப்பு. எழுதிக்க அத.

அந்த ரிஜிஸ்டர இப்பிடித் தள்ளு. பேனா இருக்கா மங்கலம்? நீ கையெழுத்துப் போடற எடம் இது. கொளஞ்சி, ஒனக்குக் கீழ. சாக்கப் பிரிச்சிட்டு வா, பேப்பர்காரனப் போவச் சொல்லிட்டு வா. நீ குந்து இளவரசு, எழுந்திரிக்காத, கூட்டம் முடியல. இது மன்னிப்பு ஒண்ணும் இல்ல, அப்பிடி எதுவும் மினிட்ஸ்ல எழுதிறாத. நன்கொடன்னு மட்டும் எழுது.

காதுல வுழுதா ரெண்டு பேருக்கும்? படிக்கிறேன். விதி பதினொண்ணுபடி, படக்கதைப் புத்தகம் முப்பத்தொண்ணு. குடுத்தவங்க பேரு, பிரிசில்லா. தகப்பன் பேரு, அந்தோணிசாமி.